பள்ளத்தைப் பார்க்காதே: வல்லம் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை

பாபநாசத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு ஸ்கூட்டரை எடுத்தால் தஞ்சாவூரைக் கடந்து, வல்லம் தாண்டி அந்தப் பண்ணைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஏழு மாதமாகப் போய் வருகிறேன். குதிரையில் கிராஸ் கன்ட்ரி தாண்டக் கற்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் பிடிபடுவதில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தில் வண்ணக் கம்புகளைத் தாண்டுவது வேறு. அங்கே குளம்பு பட்டால் கம்பு உருண்டு விழுந்துவிடும். கிராஸ் கன்ட்ரி என்பது திறந்த வெளியில் ஓடிக்கொண்டே மரத்துண்டு, பள்ளம், கரை, தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டிப் போவது. அவை அசையாது. தப்பு நடந்தால் விழப்போவது குதிரையும் நாமும்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா இந்தச் சுற்றை ஓடியதைப் போனில் பார்த்தேன். அவருடைய குதிரை ஒரு தடையிலும் நிற்கவில்லை. 2000 சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஓர் இந்தியர் அப்போதுதான் இறங்கினார். பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்போது 36 வயது.

முதலில் வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், நான்கு மாதம் பணம் கட்டினேன். மூன்றாவது வகுப்பிலேயே தாண்டச் சொன்னார்கள். குதிரை தயங்கினால் சாட்டை. தலையை நிமிர்த்த முடியாதபடி அதை வாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒருநாள் அது தடைக்கு முன்னால் சட்டென்று நிற்க, நான் கழுத்துக்கு மேலாகப் போய்த் தோளில் விழுந்தேன். ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அதைவிட அந்தக் குதிரையின் வாயோரம் இருந்த புண்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

இப்போது வல்லத்துப் பண்ணையில் எனக்குக் கற்றுத்தரும் மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைக் குதிரையின் முகத்துக்கு நேராக நிற்க வைத்தார். "இதுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கும்மா. மூக்குக்கு நேரா கிட்டத்துல இருக்கிறது தெரியாது. எகிறுற நேரத்துல தடையை அது பாக்கிறதில்ல, நாலு எட்டு முன்னாடி பாத்ததை வச்சுத்தான் எகிறுது. தலையைக் கட்டிப்போட்டா அதுக்கு எப்படித் தூரம் பிடிபடும்?" பணம் வாங்கியவர்கள் நான்கு மாதத்தில் ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை.

மாஸ்டர் ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர், ஒரத்தநாட்டுப் பக்கம். ஐந்து வாரம் என்னைத் தாண்டவே விடவில்லை. அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், தொங்கும் வாரை நான்கு துளை குறைத்துவிட்டு, இருக்கையிலிருந்து எழும்பி, குதிகாலில் பாரம் இறக்கி, ட்ராட் என்ற துள்ளு நடையிலும் கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்திலும் சுற்றச் சொன்னார். அப்புறம் தரையில் கிடத்திய கம்புகள். தொடை நெருப்பாக எரியும். ஆறாவது வாரம்தான் முதல் மரத்துண்டு. சாலை விரிவாக்கத்தில் வெட்டிப்போட்ட புளியமரத்தை வாங்கி வந்து, பட்டை சீவி, பாதி புதைத்து வைத்திருக்கிறார்கள். உயரம் இரண்டடி. உலக அளவில் பெரிய போட்டிகளில் 1.20 மீட்டர் வரை வைப்பார்கள். எனக்கு இந்த இரண்டடியே மலையாகத்தான் இருந்தது.

எனக்குக் கொடுத்த குதிரை செவலை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது, தோள் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். மரத்துண்டை அது சிரமமில்லாமல் தாண்டிவிடும். பள்ளம்தான் வம்பு. பண்ணையின் தெற்கு ஓரத்தில் இரண்டடி அகலத்துக்கு வெட்டி, இரு கரையிலும் கட்டை பதித்திருக்கிறார்கள். நம் வயல் வாய்க்கால் அளவுதான். மூன்று முறை போனேன், மூன்று முறையும் செவலை கரையில் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. போட்டியில் முதல் தடவை நின்றால் 20 புள்ளி அபராதம், ஒரே தடையில் மூன்று தடவை நின்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்டர் சாட்டை கேட்கவில்லை. "எங்கம்மா பாத்தீங்க?" என்றார்.

"பள்ளத்தைத்தான் மாஸ்டர்."

"பள்ளிக்கூடம் போறப்ப வாய்க்கா தாண்டியிருப்பீங்கல்ல? தண்ணியைப் பாத்துக்கிட்டா தாண்டுனீங்க?"

எங்கள் அம்மா வீடு கபிஸ்தலம் பக்கம். புத்தகப் பையை முதலில் அக்கரைக்கு வீசுவோம். அப்புறம் அந்தப் பை மேல் கண்ணை வைத்துக் குதிப்போம். தண்ணீரைப் பார்த்தவர்கள்தான் பாவாடை நனைய வீட்டுக்குப் போவார்கள். முப்பது வருடமாக இது ஞாபகத்துக்கே வரவில்லை. நாம் தலை குனிந்தால் நம் பாரம் முன்னால் சாய்கிறது, குதிரை முன்னங்காலைத் தூக்க வேண்டிய நேரத்தில் அதன் தோளில் சுமை ஏறுகிறது என்று மாஸ்டர் விளக்கினார். வேலிக்கு அப்பால் ஒற்றைப் பனை நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

நான்காவது முறை பனையின் உச்சியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கால்களால் விலாவை அணைத்தேன், ஒரு கையால் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டேன். செவலையின் காதுகள் இரண்டும் பனைக்கு நேராக விறைத்தன. ஒரு கணம் குளம்புச் சத்தம் இல்லை. அப்புறம் அக்கரையில் தொம்மென்று இறங்கி, தானாகவே கேன்டரில் போய்க்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வல்லத்துச் செம்மண் தண்ணீரை நிற்க விடாது. எங்கள் பக்கத்து வயல் களிமண்ணில் இப்படி ஒரு தடம் போட முடியாது, ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் பாறை. தண்ணீர்த் தடைக்காக வெட்டிய குட்டையின் அடியில் கிராவல் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். சேற்றில் கால் புதைந்தால் குதிரையின் தசைநார் போய்விடும், இதில் செலவுக்குத் தயங்காதது பெரிய விஷயம். தென்னந்தோப்பு நிழலில் இருக்கும் தடையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுவார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரம் பிடிக்கும்.

வகுப்பு முடிந்ததும் நாமே குதிரையை நடத்தி ஆற்றி, தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ண வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாண்டி வந்தபின் அது இறங்கும் வரை மாஸ்டர் நம்மை வீட்டுக்கு விடமாட்டார். எனக்கு இது மிகவும் பிடித்த வேலை.

குறைகள் உண்டு. பெண்களுக்கு உடை மாற்ற இடமில்லை, கழிவறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. மார்புக் கவசம் இரண்டுதான் இருக்கிறது, இரண்டும் ஆண்கள் அளவு. தோளில் தொளதொளவென்று நிற்கும் கவசம் விழும்போது காப்பாற்றாது, அதனால் நானே ஒன்று வாங்கிவிட்டேன். ஹெல்மெட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், ஏற்கெனவே அடி வாங்கியதா என்பது இரவல் ஹெல்மெட்டில் தெரியாது. மழையால் வகுப்பு இல்லை என்பதை இரண்டு முறை நான் தஞ்சாவூர் வந்தபின் போனில் சொன்னார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறவர்களுக்கு முந்தின இரவே சொல்ல வேண்டாமா?

கட்டணம் 45 நிமிடத்துக்கு 1,500 ரூபாய், பத்து வகுப்பு சேர்த்துக் கட்டினால் 13,000. குறைவில்லை. ஆனால் குதிரைகளுக்கு வைக்கோலைப் போட்டு ஒப்பேற்றுவதில்லை, நல்ல புல்லும் ஊறவைத்த கொள்ளும் கொடுக்கிறார்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாளில் இரண்டு வகுப்புக்கு மேல் கிடையாது.

குதிரை ஏறியே பழகாதவர்கள் நேராகத் தாண்டப் போக முடியாது, கேன்டரில் நிலையாக உட்கார வந்த பிறகுதான் மாஸ்டர் எடுத்துக்கொள்வார். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பாதி வகுப்பு போய்விடும். தை பிறந்ததும் சேர்ந்தால் வெயில் ஏறுவதற்குள் பள்ளம் வரை வந்துவிடலாம்.