குறுக்கே ஓடுகிற அந்த ஒரு வெள்ளிக் கம்பி

திருத்தக் கொடுத்திருந்த பெட்டி போன கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருக்கிற நண்பன், "மச்சான், இப்படி ஒன்று வாங்கலாமா?" என்று அதே மாதிரிப் பெட்டி ஒன்றின் படம் அனுப்பினான். அவனுக்கு அலுப்போடு சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

1950, 60களின் டேனிஷ் பெட்டி, ரோஸ்வுட் என்ற கருஞ்சிவப்புக் கடினமரத்தில் செய்து மூடியில் வெள்ளிக் கம்பி பதித்தது. கோல்டிங் நகரத்து ஹன்ஸ் ஹன்சன் வெள்ளிப் பட்டறையின் பெயர் இருந்தால் ஏலத்தில் தனி மவுசு. என்னுடையதில் வெள்ளியின் தூய்மையைக் காட்டுகிற 925 என்ற முத்திரை மட்டும்தான். அன்றைக்குச் சிகரெட் அடுக்கி விருந்தாளிக்கு நீட்டிய சாமான். நான் மூக்குக் கண்ணாடியும் சாவியும் போட்டு வைக்கிறேன்.

மூடியில் நான்கு கம்பிகள். மரத்தின் நார் போன திசையிலேயே ஓடுகிற மூன்றும் இன்றுவரை அசையவில்லை. குறுக்கே ஓடுகிற நான்காவதுதான் வில்லன். குளிர்காலம் வந்தால் அதன் ஒரு முனை எழும்பிவிடும், நகம் மாட்டுகிற அளவுக்கு. தூசு துடைக்கப் போனால் துணியின் நூல் சிக்கும், இழுத்தால் இன்னும் கொஞ்சம் எழும்பும். ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று காய்ந்து மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, கோடையில் திரும்ப உப்புகிறது. வெள்ளி அதோடு சேர்ந்து போகாது. பசை எத்தனை வருடம்தான் தாங்கும்? வடிவமைத்தவருக்கு அழகு முக்கியம், சரி. பக்கத்தில் நின்ற தச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

முன்பு ஒரு கடையில் சூப்பர் குளூ விட்டு ஒட்டினார்கள். கம்பியைச் சுற்றிப் பூஞ்சணம் பிடித்த மாதிரி வெள்ளை படர்ந்தது. இந்த முறை திருத்தியவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு பழைய மாட்டுத்தோல் பசை போட்டிருக்கிறார். திரும்பக் கழன்றாலும் மரத்துக்குச் சேதமில்லாமல் மறுபடி ஒட்டலாமாம். கழலும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது!

வெள்ளி கறுத்தால் பாலிஷ் பசை பக்கமே போகாதீர்கள். மரத்தின் நுண்துளைகளில் வெள்ளையாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஊசியால் கிண்ட வேண்டிவரும். வெள்ளி துடைக்கிற உலர்ந்த துணியை விரல் நுனியில் சுற்றிக் கம்பி வழியே மட்டும் தேய்த்தால் போதும்.

இவ்வளவு திட்டினாலும் மூடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூடியும் பெட்டியும் ஒரே கட்டையில் அறுத்தவை. மேலே தொடங்குகிற கருங்கோடு விளிம்பில் ஒரு மயிரிழைகூட விலகாமல் பக்கவாட்டில் இறங்கி ஓடுகிறது. மூடியைத் திருப்பிப் போட்டால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். கீல் இல்லை, விட்டால் உள்ளே இருக்கிற காற்று மெல்ல வெளியேற, தானாகவே இறங்கி உட்காரும். விருந்தாளிகள் எல்லோரும் இரண்டாம் முறையும் திறந்து மூடிப் பார்க்கிறார்கள்.

நண்பனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மரம் பிரேசில் ரோஸ்வுட் என்றால், அது 1992 முதல் சைட்டீஸ் என்கிற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும், கனடாவுக்கு அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒன்றியத்துக்குள் விற்க 1947க்கு முந்திய வேலைப்பாட்டுக்குச் சலுகை உண்டு, இந்தப் பெட்டிகளோ அதற்குப் பிந்தியவை. வெறுமனே "ரோஸ்வுட்" என்று போட்டு விற்பவரிடம் எந்த மரம், பத்திரம் எங்கே என்று கேட்டாக வேண்டும்.

ஆகவே வாங்காதே என்றேன். வெள்ளி இல்லாத தேக்குப் பெட்டி ஒன்று பார், பாதி விலை, தொல்லையும் இல்லை. "உனக்கு இன்னொன்று கிடைத்தால்?" என்று கேட்டான். கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கிவிடுவேன்.