மேய்ச்சலா, சோளமா, தென்னையா? காங்கேயத்துச் செம்மண்ணில் எதை வைப்பது

திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் மழையை நம்பிய மேட்டாங்காடு வைத்திருப்பவர்கள் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி இது. கிளுவைச் செடியாலான உயிர்வேலிக்குள் கிடக்கும் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, அப்படியே விடுவதா, உழுது சோளம் போடுவதா, போர்வெல் இறக்கித் தென்னை வைப்பதா?

முதலில் மண்ணைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு பிடி எடுத்து உருட்டினால் உருண்டை பிடிக்கும். கட்டைவிரலால் நீவி நாடாவாக்கினால் ஒரு அங்குலத்துக்குள் அறுந்துவிடும். விரலெல்லாம் நறநறவென்று மணல். பாதிக்கு மேல் மணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்த செம்மண் அது. மழையைச் சட்டென்று குடித்துக்கொள்ளும், ஆனால் சேர்த்துவைக்காது. ஒரு அடி ஆழ மண்ணில் பயிருக்கு எட்டும் ஈரம் சுமார் ஒன்றரை அங்குல மழையளவுதான். கீழே சரளை தட்டினால் அதுவும் குறையும். ஆண்டு மழை 600 மி.மீ. சுற்றித்தான், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்.

சோளத்துக்கு இந்த மழை போதும், விட்டுவிட்டுப் பெய்தால். கதிர் வாங்கும் நேரத்தில் மூன்று வாரம் காய்ந்தால் தானியம் இல்லாத வெறும் தட்டு மட்டுமே மிச்சம். அதைவிட எனக்குக் கவலை, ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று, உழுது வெறுமையாகக் கிடக்கும் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும்.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் சொட்டுநீரிலேயே மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர் என்றால் ஏக்கருக்குத் தினமும் சுமார் 4,500 லிட்டர் வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் பாயும் இடம் என்றால் சரி. போர்வெல்லை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் ஒன்றுக்கொன்று துணை. பல்லாண்டுப் புல்லின் வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறது. மரம் நிழல் தருகிறது. புல் காயும் காலத்தில் வேலங்காய் ஆடுமாட்டுக்குத் தீனி, அவற்றின் சாணத்திலும் புழுக்கையிலும் விதை பரவி அடுத்த கன்று முளைக்கிறது. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்த நிலம் இது. சித்திரையில் பார்த்தால் செத்த காடு போல இருக்கும். ஒரு மழை பெய்யட்டும், நாலைந்து நாளில் அதே தூரிலிருந்து பச்சை முனை எட்டிப் பார்க்கும்.

ஏக்கர் வருமானத்தில் தென்னையோடு இது போட்டி போடாது, உண்மைதான். ஆனால் தண்ணீர்ச் செலவு இல்லை, உரச் செலவு இல்லை, மழை பொய்த்த வருடமும் போட்ட முதல் போகாது.

என்னைக் கேட்டால், வாய்க்கால் இல்லாத காட்டைக் கொறங்காடாகவே விடுங்கள். புல் மெலிந்தால் சில ஆண்டுக்கு ஒருமுறை லேசாக ஓர் உழவு ஓட்டிச் சோளமோ கொள்ளோ விதைக்கலாம், புல்லும் புதிதாகத் தூர் கட்டும். வேலியில் சந்து விழுந்திருந்தால் கிளுவைக் குச்சி வெட்டி நட்டு அடையுங்கள். அப்புறம், மழை விழுந்ததும் ஆட்டை உள்ளே விட்டுவிடாதீர்கள். காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து, புல் முழங்கால் உயரம் வந்த பக்கமாக மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும்.