பழைய கார் பார்த்துத் தரும் மெக்கானிக்: சேஸிஸ் நம்பருக்காகவே கூப்பிடலாம்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் முன்னால் வந்து பார்த்துச் சொல்கிற ஆட்கள் கோவையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கூப்பிட்டது கம்பெனி ஆள் இல்லை. முன்பு சொந்தமாகப் பட்டறை வைத்திருந்து, இப்போது வண்டி பார்ப்பதை மட்டும் தொழிலாகச் செய்யும் ஒரு அண்ணன். வேலை சுத்தம், தாராளமாகக் கூப்பிடலாம். காரணம் சொல்கிறேன்.

கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில், நின்றிருந்தது ஒரு ஹூண்டாய் கிராண்ட் ஐ10. மற்றவர்கள் போல பானட்டைத் தூக்கி இன்ஜின் சத்தம் கேட்பதில் இவர் ஆரம்பிக்கவில்லை, முதலில் ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்று) வாங்கி அதிலிருந்த சேஸிஸ் நம்பரை, அதாவது எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட வண்டியின் அடையாள எண்ணை, நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கார்ப்பெட்டில் வெட்டி விட்டிருக்கும் சின்ன மடிப்பைத் தூக்கி, டார்ச் அடித்து, படிந்திருந்த மண்ணைத் துணியால் துடைத்தார். தகரத்தில் குத்திய எழுத்து அப்போதுதான் தெரிந்தது. அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். இந்த இடம் வண்டிக்கு வண்டி மாறுமாம், சிலதில் பானட்டுக்குள், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகரத்தின் மேலேயே இருக்கும்.

சேஸிஸ் நம்பர் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம், தகரத்தில் குத்தியதை மாற்றினால் தடம் இருக்கும் என்றார். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றி கிரைண்டர் ஓட்டிய கோடு இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட்டா, பக்கத்தில் வெல்டிங் தெரிகிறதா என்று விரலால் தடவியே பார்த்தார். திருட்டு வண்டியும், ஆக்சிடென்டில் பாதி போய் வேறு பாதி ஒட்டிய வண்டியும் மாட்டுவது இங்கேதான்.

கேட்டால் பொறுமையாகச் சொல்லியும் தருகிறார். சேஸிஸ் நம்பர் எம்ஏஎல் (MAL) என்று ஆரம்பித்தால் இந்திய ஹூண்டாய், எம்ஏ3 (MA3) மாருதி, எம்ஏடி (MAT) டாடா. ஐ, ஓ, க்யூ மூன்றும் சேஸிஸ் நம்பரில் வரவே வராது, 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால். இந்த வண்டியில் ஆண்டைக் காட்டும் பத்தாவது எழுத்து ஜி, அதாவது 2016. கன்சல்டிங்காரர் வாய்க்கு வாய் 2017 மாடல் என்றதை, ஆர்சியில் இருந்த தயாரிப்பு மாதத்தையும் காட்டி இவர் திருத்தினார். பதிவுதான் 2017இல் நடந்திருக்கிறது. அதை வைத்தே விலையைக் குறைத்துப் பேச முடிந்தது, இவருக்குக் கொடுத்த காசு அதிலேயே வந்துவிட்டது.

எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பர் போட்டுப் பார்த்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அதையும் பாருங்கள், இன்சூரன்ஸ் தேதியும், வண்டி மேல் கடன் பதிவாகி இருக்கிறதா என்பதும் தெரியும். ஆனால் அதில் சேஸிஸ் நம்பரின் சில இலக்கங்களை மறைத்துத்தான் காட்டுவார்கள், முழுசாக ஒப்பிட அசல் ஆர்சியும் வண்டியும் நேரில் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. எழுத்தில் ரிப்போர்ட் தருவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான், அதுவும் மறுநாள்தான் வந்தது. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்கிற வசதி கிடையாது. சஸ்பென்ஷனில் சந்தேகம் இருந்தால் தனியாக ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகத்தான் வேண்டும். வெளியூர் என்றால் போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கேட்பார், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவரை வரச் சொல்வதானால் பகல் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள், அசல் ஆர்சி கையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இவர் வேலையை ஆரம்பிக்க மாட்டார்.