கூவர்ச்சரா, காம்பவுண்டா: வீட்டில் சாக்லேட் செய்ய எது வாங்கலாம்?

கடையில் கூவர்ச்சர், காம்பவுண்ட் என்ற இரண்டு வகைச் சாக்லேட் கட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் கொழுப்பில்தான். கூவர்ச்சரில் இருப்பது கோகோ வெண்ணெய். காம்பவுண்டில் அதற்குப் பதிலாகப் பாமாயில் வகைக் கொழுப்பும் கோகோ பவுடரும் சேர்ப்பார்கள். விலை குறைவதும் அதனால்தான்.

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததுமே கரைந்துவிடும். காம்பவுண்ட் கொஞ்சம் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். சுவையில் எனக்குச் சந்தேகமே இல்லை, கூவர்ச்சர்தான்.

ஆனால் அது பொறுமை கேட்கும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற சத்தமும் தரும். அதற்கு டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 27க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்ற வேண்டும். இதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். முதல் முறை தெர்மாமீட்டர் இல்லாமல் கண் மதிப்பில் செய்தேன். மறுநாள் டப்பாவைத் திறந்தால் எல்லாத் துண்டுகளிலும் திருநீறு பூசியதுபோல வெள்ளைப் படலம்!

காம்பவுண்டுக்கு இந்தப் பாடே கிடையாது. உருக்கு, ஊற்று, சரி. பிஸ்கட்டை முக்கி எடுக்க, குழந்தைகளோடு அச்சில் வார்க்க அது போதும்.

பிரவுனி, கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) என்றால் தயங்காமல் கூவர்ச்சர் வாங்குங்கள். அவற்றுக்கு டெம்பரிங்கே தேவையில்லை.