ஏலம் ஓடும்போது இன்பாக்ஸில் வரும் விலை: பழைய நாணயம் விற்ற பன்னிரண்டு வருட அனுபவம்

"சார், ஏலத்தை நிறுத்திடுங்க. இப்பவே 6,000 போட்டு விடுறேன்."

நான் ஏலம் விடும் வாரங்களில் இப்படி ஒரு மெசேஜாவது வராமல் இருந்ததில்லை. தொகை மாறும், "சார்" என்பது "அண்ணா" ஆகும், சிலர் நாணயத்தின் படத்தையே திருப்பி அனுப்பி "கடைசி விலை?" என்று மட்டும் கேட்பார்கள். இதை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. கொஞ்சம் காசும் போனது.

ஆரம்பித்தது 2013இல். திருச்சியில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், உருக்க வரும் பிரிட்டிஷ் கால ரூபாய்களில் நல்லதாகத் தெரிவதை எனக்காக எடுத்து வைப்பார். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். முதலில் ஈபே இந்தியாவில் விற்றேன். 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்ட பிறகு, நாணயச் சேகரிப்பாளர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றுக்கு வந்துவிட்டேன். அங்கே ஏலத்தைத் தானாக நடத்தும் இயந்திரம் எதுவும் இல்லை. படம் போட்டு, ஆரம்ப விலை எழுதி, ஞாயிறு இரவு 9 மணி என்று முடிவு நேரம் போட்டால், கமெண்ட்டில் விலை ஏறும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். திருத்தப்பட்ட கமெண்ட் செல்லாது. இரண்டு இடத்திலும் ஏலம் நடக்கும் விதம் வேறு. இன்பாக்ஸ் மட்டும் ஒன்றேதான்.

2014இல் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 1835ஆம் வருடத்து நான்காம் வில்லியம் மன்னர் ரூபாய் ஒன்று கிடைத்தது. ரோமன் நான்கை நாம் பழகிய மாதிரி எழுதாமல் நான்கு தனிக் கோடாகப் போட்டிருப்பார்களே, அந்த நாணயம். மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக ஒருவர் தனியாக எழுதி, அப்போதிருந்த விலையைப் போல ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னார். கை பரபரத்தது. மற்றவர்கள் கேட்டிருந்த விலைகளை ரத்து செய்துவிட்டு ஏலத்தை மூடினேன். அப்புறம் அவர் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எடை கேட்டார். "நாளைக்குப் போட்டுடுறேன்" என்றார். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

மறுபடி ஏலத்துக்குப் போட்டபோது பழைய மூன்று பேரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நானே போய்க் கேட்டதற்கு ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "உங்க ஏலம் எப்ப முடியும்னு உங்களுக்கே தெரியாது சார்." நாணயம் கடைசியில் முதல் தடவை ஏறியிருந்த விலைக்கும் கீழேதான் போனது. அந்த வரி இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அது ஒரு முறை. கோயில் வாசலில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவுவது இன்னொரு முறை. இரண்டிலும் தப்பில்லை. ஒரே மாட்டுக்கு இரண்டையும் செய்தால்தான் வம்பு. தனியாக விலை சொல்பவர் நம்மைத் துண்டுக்கடியில் கூப்பிடுகிறார், மேலே மற்றவர்கள் இன்னும் கூவிக்கொண்டிருக்கும்போதே.

ஏன் கூப்பிடுகிறார் என்று யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும். என் அனுபவத்தில் அவருக்குப் பொருளின் மதிப்பு தெரியும், மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கும். இதற்கு நல்ல உதாரணம் 1911ஆம் வருடத்து 'பன்றி ரூபாய்'. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருக்கும் சின்ன யானைக்குத் துதிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிந்ததால் சர்ச்சையாகி, வெளியே விட்டது போக மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912 நாணயத்தில் யானை ஒழுங்காக இருக்கும். என்னிடம் வந்த நாணயத்தை 1,500க்குத் தொடங்கினேன். இரண்டாம் நாள் 2,900இல் நின்றபோது வந்ததுதான் மேலே சொன்ன 6,000 ரூபாய் மெசேஜ். அந்த விலையைக் கமெண்ட்டில் போடச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை 8,400க்கு முடிந்தது. 8,200 வரை வந்து விட்டுக்கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? அவரேதான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பெரிய சாமர்த்தியசாலி போலத் தெரியும். அடுத்த மாதமே ஒரு 1840 விக்டோரியா ரூபாய்க்கு 4,500 தருகிறேன் என்று ஒருவர் எழுதினார். அதே பதிலைச் சொன்னேன். போட்டி இல்லை, 3,100க்கு முடிந்தது. எடுத்தவர் அதே ஆள். "நன்றி சார், நல்ல வேளை நீங்க ஒத்துக்கல" என்று ஒரு சிரிப்பு பொம்மையும் அனுப்பினார். 1,400 ரூபாய் போனது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கூட்டிக் கழித்தால் தனி விலைகளை மறுத்ததால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் காசுக்காகத்தான் மறுக்கிறேன் என்று சொன்னால் அது பொய். என் ஏலம் சொன்ன நேரத்தில்தான் முடியும் என்று தெரிந்த முப்பது நாற்பது பேர் வாராவாரம் வருகிறார்கள். அவர்கள் போய்விட்டால் எனக்கு யார் விலை ஏற்றுவார்கள்?

பதில் எழுதும் விதத்திலும் நிறையத் தடுமாறியிருக்கிறேன். இருப்பதிலேயே மோசமான பதில் "யோசிச்சு சொல்றேன்". அவர் காத்திருப்பார், காத்திருக்கும் வரை பொதுவில் கேட்க மாட்டார். ஏலம் படுத்துவிடும். அதற்கடுத்த மோசம், "தனியா 6,000க்கு ஆள் இருக்கு" என்று மற்றவர்களிடம் சொல்வது. அது உண்மையாகவே இருந்தாலும் கேட்பவர் காதில் விலை ஏற்றும் வித்தையாகத்தான் விழும். தனியாக வந்த விலை தனியாகவே இருக்கட்டும். இப்போது வாட்ஸ்அப் பிசினஸில் ஒரே வாசகத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன்: "வணக்கம். ஏலம் நடக்கிறது, இடையில் யாருக்கும் தனியாகத் தருவதில்லை. உங்கள் விலையைக் கமெண்ட்டில் போடுங்கள். ஞாயிறு இரவு 9 மணி." ஒரு நிமிடத்துக்குள் அனுப்பிவிடுவேன். ஆள் பார்த்துப் பதில் மாறுவதில்லை, பழைய வாடிக்கையாளருக்கும் இதேதான்.

ஒருவரும் கேட்காத வரை கதை வேறு. அப்போது தனி விலை பிடித்திருந்தால் கொடுக்கலாம் என்பது என் கட்சி, ஆனால் பதிவிலேயே "நேரடி விலைக்கு விற்றாயிற்று" என்று எழுதிவிட வேண்டும். வெளிநாடுகளில் இன்னும் நடக்கும் ஈபேயிலும் பொதுவாக இதே கணக்குதான். ஏலத்தோடு 'உடனே வாங்கு' விலை வைத்திருந்தால், முதல் ஆள் விலை கேட்டதும் அந்தப் பொத்தான் மறைந்துவிடும். தளத்துக்கு வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்று பேசுவதற்கு அங்கே தடையும் உண்டு.

விவரம் புரிந்தவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். 6,000தான் உங்கள் உச்ச விலை என்றால் ஈபே மாதிரியான இடத்தில் அதை ரகசிய உச்சமாகப் போட்டு விட்டுவிடுங்கள், தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே உங்களுக்காக ஏற்றிக் கேட்கும். இரண்டாவது ஆள் 4,000த்தோடு நின்றால் நீங்கள் அதற்கு ஒரு படி மேலேதான் கொடுப்பீர்கள். தனியாக என்னிடம் பேசினால் முழு 6,000. கிட்டத்தட்ட இந்தத் தத்துவத்தை 1961இல் ஒரு கட்டுரையில் அலசிய வில்லியம் விக்ரிக்கு 1996இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார், பாவம்.

சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, "சரி, என் உச்சத்தை உங்ககிட்ட சொல்லிடுறேன், எனக்காக நீங்களே கேட்டுக்கிட்டே வாங்க" என்பார்கள். நம்பிக்கையோடு சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் விற்பவனே விலை கேட்கும் இடத்தில் நிற்பது ஆபத்து. 1930ஆம் வருடத்து பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாக விலை கேட்டால், வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது அது. அவருக்காக நேர்மையாகக் கேட்டேன் என்று நான் எப்படி நிரூபிப்பேன்? 5,900இல் முடிந்தால் அவர் முகம் எப்படிப் போகும்? அதனால் உச்ச விலையைக் குழு நிர்வாகியிடம் சொல்லச் சொல்கிறேன், எனக்குத் தெரிய வேண்டாம். அதே பிரிவு, ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரை கேட்டவரும் பின்வாங்கலாம் என்கிறது. அதனால் சின்னப் பையன்கள் கை தவறி ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டால் நான் சண்டை பிடிப்பதில்லை.

வெளிநாட்டு விலைகள்தான் நாக்கில் எச்சில் ஊற வைப்பவை. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அந்தப் பன்றி ரூபாய்க்கே 15,000 தருகிறேன் என்றார். நூறு வயது தாண்டிய நாணயம் 1972ஆம் வருடத்துச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 1911 நாணயம் 2011லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. "கவர்ல வச்சு சாதாரணமா அனுப்புங்க" என்றார். நான் பதிலே போடவில்லை.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேரம் பேசாமல், எடுத்தவுடனே "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் பிளாக் செய்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம்.

ஏலம் முடிந்த பிறகு வரும் தனி விலைதான் எனக்குப் பிடித்தது. எடுத்தவர் 48 மணி நேரத்தில் பணம் கட்டாவிட்டால் இரண்டாம் ஆளிடம் போவேன், அவர் கடைசியாகக் கேட்ட அதே தொகைக்கு. ஈபேயில் இதற்கு 'இரண்டாம் வாய்ப்பு' என்று ஏற்பாடே இருக்கிறது, 60 நாள் வரை அனுப்பலாம். ஏலம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். முதல் ஆள் உங்கள் மச்சானாக இருப்பாரோ என்று இரண்டாம் ஆள் நினைப்பார். நான் அப்படி அனுப்பி, அப்படியே கேட்கப்பட்டிருக்கிறேன்.

என் விதியில் ஒரே ஒரு ஓட்டை. கும்பகோணத்தில் ஒரு பெரியவர், எண்பதை நெருங்குகிறார். ஃபேஸ்புக் வைத்திருப்பது பேரன், அவனுக்கு நேரம் இருக்காது. ஞாயிறு சாயங்காலம் போன் செய்து, "தம்பி, அந்த எட்வர்டு ரூபாய்க்கு எவ்வளவு ஏறியிருக்கு?" என்பார். சொல்வேன். அவர் விலையை என்னிடம் சொல்லக் கூடாது என்று நிர்வாகியின் நம்பரை நான்கு முறை கொடுத்துவிட்டேன். "அவர் யாருன்னே எனக்குத் தெரியாதே, உன்னைத்தான் தெரியும்" என்று தொகையைச் சொல்லியே விடுகிறார். என்ன செய்வது? அவரை லைனில் வைத்துக்கொண்டே நிர்வாகியைக் கூப்பிட்டு, இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொள்கிறேன். போன வாரம் உள்ளேயிருந்து அவர் குரல் தெருவுக்கே கேட்டது: "ரெண்டாயிரத்து எழுநூறு! நல்லாக் கேட்குதா, ரெண்டாயிரத்து எழுநூறு!"