ஃபொர்த்துனிக்காகவே போகலாம்: பார்சலோனாவின் கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகம்

மோன்ட்ஜுவிக் குன்றின் மேல் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்குப் போகிற பலர், கீழ்த்தளத்தில் பழைய தேவாலயச் சுவரோவியங்களைப் பார்த்து முடித்ததும் கால் வலிக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மேல்தளத்தில் ஓவியர் மரியானோ ஃபொர்த்துனியின் படங்கள் இருக்கின்றன.

1838-ல் ரேயுஸ் என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து தாத்தாவிடம் வளர்ந்தவர். உதவித்தொகை பெற்று ரோமில் படித்துக்கொண்டிருந்தவரை, 1860-ல் ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் போர் நடந்த சமயத்தில், போய்ப் பார்த்து வரைந்து வா என்று பார்சலோனா மாகாண அவை அனுப்பியது. அதில் பிறந்ததுதான் 'தெத்துவான் போர்' என்ற ஓவியம். 3 மீட்டர் உயரம், அகலம் கிட்டத்தட்ட 10 மீட்டர், வருடக்கணக்கில் மல்லுக்கட்டியும் அவர் முடிக்கவே இல்லை. எதிரே நின்று பார்த்தால் ஏன் என்று புரிகிறது: தளபதிகளைப் புகழ்வதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, வெயிலும் புழுதியும் தலைதெறிக்க ஓடுகிற கூட்டமும்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

அப்புறம் 'லா விகாரியா'. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத இந்தப் படத்தை 1870-ல் பாரிஸில் கூப்பில் என்ற வியாபாரி 70,000 ஃபிராங்குக்கு விற்றார். தேவாலய அறையில் கல்யாண ஒப்பந்தம். வயதான மாப்பிள்ளை குனிந்து கையெழுத்துப் போட, இளம் மணப்பெண் தோழியின் பேச்சைக் கேட்டபடி நிற்கிறாள். பட்டின் மினுமினுப்பு, பின்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்கும் பின்னால் இருட்டு, இதையெல்லாம் எந்த அச்சுப் படத்திலும் நான் பார்த்ததில்லை. மூக்கு ஒட்டுகிற தூரத்துக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். இவ்வளவு நேர்த்திதான் அவருக்குச் சிறையும் ஆனது, வாங்குகிறவர்கள் இதே மாதிரிதான் கேட்டார்கள். அதிலிருந்து விலகி, ஸ்பெயினின் கிரனாடாவிலும் இத்தாலியின் போர்த்திச்சிக் கடற்கரையிலும் தன் விருப்பப்படி வரையத் தொடங்கியவர், 1874-ல் ரோமில் 36 வயதிலேயே இறந்துபோனார்.

ஒரு குறை என்றால், அந்தக் கடைசிக்காலத் திருப்பத்தை முழுதாக உணர இந்த இடம் மட்டும் போதாது. தன் குழந்தைகளை ஜப்பானிய அறையில் வைத்து அவர் வரைந்த படம் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேல் நுழைவு இலவசம். ஆனாலும் காசு கொடுத்துக் காலையிலேயே போய், கீழ்த்தளத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, நேராக மேலே ஏறுங்கள்.