காலர் இல்லாத பூமா வேட்டை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நாய்களோடு பூமா (மலைச்சிங்கம்) வேட்டைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள். நாய்கள் பூமாவைத் துரத்தி மரத்தில் ஏற்றும், ஆள் பின்னால் போய்ச் சேர்ந்து சுடுவார். அவர்களில் சிலர், “எங்கள் நாய் கழுத்தில் ஜிபிஎஸ் கிடையாது” என்பதையே விளம்பரமாக வைக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு நாள் வேட்டைக்குக் கட்டணம் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 டாலர். காலர், அதாவது ஜிபிஎஸ் பொருத்திய கழுத்துப்பட்டை, இல்லை என்பதற்காக யாரும் குறைத்துக் கேட்பதில்லை. இந்த மதிப்புரை அந்த மாதிரிச் சேவையைப் பற்றியது, ஒரு தனி நிறுவனத்தைப் பற்றியது அல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பனி விழுந்த தரையில், ஓநாய் இல்லாத பகுதியில், நாலைந்து நல்ல நாய்களை மட்டும் வைத்திருக்கும் ஆளிடம் போனால் காசு தகும். ஓநாய் உலவும் இடத்தில் காலர் இல்லாமல் நாயை அவிழ்த்துவிடுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது நாய்களுக்குச் செய்யும் அநியாயம். வறண்ட தரையில், நாய்களின் வயதையும் பழக்கத்தையும் விசாரிக்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

எங்கே இதற்கு அனுமதி உண்டு என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கலிபோர்னியா 1990-இல் பூமா வேட்டையையே மக்கள் வாக்கெடுப்பில் நிறுத்தியது. ஒரேகான் 1994-இலும் வாஷிங்டன் 1996-இலும் நாய்களை விட்டுத் துரத்துவதைத் தடை செய்தன. கொலராடோவில் 2024 நவம்பரில் வந்த தடை முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. ஆகவே அங்கேயும் ஐடாஹோ, மொன்டானா, வயோமிங், யூட்டா, நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோவிலும் நாய் வேட்டை தொடர்கிறது.

காலர் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால்தான் அது இல்லாதபோது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். கார்மின் ஆல்ஃபா வகைக் கருவி 20 நாய்கள்வரை ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று சில நொடிக்கொருமுறை திரையில் காட்டும். தடையில்லாத வெளியில் அதன் எட்டும் தூரம் 14 கி.மீ. நாய் மரத்தடியில் நின்று குரைத்தால் அதையும் தனியாக அறிவிக்கும். இங்கே ஓடுவது சிப்பிப்பாறை, கன்னி மாதிரி கண்ணால் பார்த்து விரட்டும் சாதி அல்ல. டிரீயிங் வாக்கர், புளூடிக், பிளாட், பிளாக் அண்ட் டான் எல்லாம் மூக்கை நம்பிப் போகிறவை. அரை மணியில் இரண்டு மலைமுகடு தாண்டிவிடும், ஆள் பின்னால் நடந்துதான் வர வேண்டும். நாய் எங்கே, அங்கே என்ன நடக்கிறது, முடிந்தபின் அதை எப்படித் திரும்பக் கூட்டி வருவது என்ற மூன்று கேள்விக்கும் திரை பதில் சொல்கிறது. திரையை எடுத்துவிட்டால் அந்த மூன்றும் வழிகாட்டியின் காதுக்கும் காலுக்கும் வந்து சேர்கின்றன.

“அந்தக் காலத்தில் எல்லாம் இப்படித்தானே” என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். உண்மைதான். பின்னர் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1901 குளிர்காலத்தில் கொலராடோவின் மீக்கர் பக்கம் ஜான் காஃப் என்ற வழிகாட்டியின் நாய்களோடு வேட்டையாடியபோது கழுத்தில் கட்ட எந்தக் கருவியும் இல்லை. ஆனால் அப்போது நெடுஞ்சாலையும் இல்லை, “அத்துமீறி நுழையாதீர்” பலகை வைத்த பண்ணைகளும் இத்தனை இல்லை. இன்று அதே மாநிலத்தில் பூமா ஒரு வேலியைத் தாண்டினால் நாயும் தாண்டும். சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் ஆள் தாண்ட முடியாது. நல்ல வழிகாட்டி சுற்றியுள்ள நிலங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருப்பார். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மற்ற எதையும்விட முக்கியம்.

இனி வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. இரவில் 5 முதல் 15 செ.மீ. புதுப்பனி விழுந்து, நள்ளிரவுக்கு முன் நின்றுவிட்டால் அடுத்த விடியல் பொன்னானது. மரம் வெட்டும் பாதைகளில் நாலு மணிக்கே வண்டியை மெல்ல ஓட்டி, பாதையைக் குறுக்காகக் கடந்த தடத்தைத் தேடுவார்கள். பூமாவின் தடத்தில் நகம் பதியாது. உள்ளங்காலின் பெரிய திண்டுக்குப் பின்பக்கம் மூன்று மடிப்பு தெரியும். பின்காலில் அந்தத் திண்டு 5 செ.மீ.-க்கு மேல் அகலம் என்றால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தால் பனி பொலபொலவென்று இருந்தால் புதிது. மிதிபட்ட பனி சில மணி நேரத்தில் இறுகிவிடும்.

இந்த இடத்தில்தான் காலர் இல்லாத வேட்டையில் அவசரப்படக் கூடாது. தடத்தைப் பார்த்ததும் நாயை அவிழ்க்கிற வழிகாட்டி காலர் வைத்தே வேட்டையாடட்டும். குறைந்தது அரை கி.மீ. தடத்தோடு நடந்து பார்க்க வேண்டும். விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று உறுதி செய்யாவிட்டால் நாய் தடத்தைத் தலைகீழாக, பூமா வந்த திசைக்கே ஓட்டிக்கொண்டு போகும். ஆழமான தூள்பனியில் இது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று குட்டிகள். தாயின் தடத்திலேயே கால் வைத்து நடப்பதால் ஒற்றை விலங்கு போலத் தெரியும். விழுந்த மரமோ பாறையோ வரும் இடத்தில் தடம் இரண்டாக, மூன்றாகப் பிரியும். குட்டிகள் ஒன்றரை ஆண்டுவரைகூடத் தாயோடு சுற்றும். குட்டியோடு இருக்கும் பூமாவைச் சுடுவது சட்டப்படி குற்றம். அவிழ்த்துவிட்ட நாயைக் காலர் இல்லாமல் திரும்ப அழைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நாய்கள் குட்டியைத் தரையிலேயே பிடித்துவிட்டால் ஆள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த வேட்டையின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் இது ஒன்றுக்கு மறுப்பே கிடையாது. கூட நடந்து பார்ப்பதுதான் பரிகாரம்.

அவிழ்த்தபின் எல்லாம் காதுதான். பூமாவுக்கு உடலோடு ஒப்பிட்டால் நுரையீரலும் இதயமும் சிறியவை. நெடுந்தூரம் ஓடாது, துரத்தல் சூடானதும் சீக்கிரம் மரமேறும். தடத்தில் போகும்போது புளூடிக் இழுத்து ஓலமிடும். மரத்தடிக்கு வந்ததும் குரல் வெட்டி வெட்டி, நிமிடத்துக்கு 60-க்கு மேல் ஒரே சீராக விழும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் “ஏறிவிட்டது” என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரே குரல் கொண்ட நாலு வாக்கரை வைத்திருப்பவரால் எந்த நாய் எங்கே என்று சொல்ல முடியாது. இழுத்துப் பாடும் ஒன்று, வெட்டிக் குரைக்கும் ஒன்று, கரகரத்த பிளாட் ஒன்று என்று கலந்து வைத்திருப்பவர் காலர் இல்லாமல் உண்மையிலேயே பழகியவர். கொலராடோவில் எட்டு நாய்வரை விடலாம். ஆனால் காலர் இல்லாதபோது எட்டு நாய் என்றால் எட்டுத் திசைக்கும் பிரிய வாய்ப்பு, அவ்வளவுதான். நாலுக்கு மேல் அவிழ்ப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

எங்கே நின்று கேட்பது என்பதும் ஒரு கணக்கு. விடியலில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும், சத்தமும் அதோடு கீழே வரும். வெயில் ஏறியபின் காற்று மேல்நோக்கித் திரும்பும், அப்போது முகட்டில் நிற்க வேண்டும். அசையாத குளிர்காலையில் எதிர்ச்சரிவிலிருந்து இரண்டு மூன்று கி.மீ. தாண்டியும் கேட்கும் குரல், காற்று அடித்தால் சில நூறு மீட்டரிலேயே கரைந்துவிடும். குறுகலான பள்ளத்தாக்கில் எதிரொலி ஏமாற்றும். 200 மீட்டர் நகர்ந்து மறுபடி கேட்டால் உண்மையான குரலின் திசை அதிகம் மாறாது, எதிரொலிதான் இடம்மாறும்.

கேட்ட திசையைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். 1:24,000 அளவு அரசு நில வரைபடத்தில் ஒரு கி.மீ. என்பது நாலு செ.மீ.-க்குச் சற்று மேல். அரை கி.மீ. இடைவெளியில் இரண்டு இடத்திலிருந்து திசைகாட்டியால் கோடு இழுத்தால் அவை வெட்டும் இடத்தில் நாய். பலர் சொதப்புவது காந்த விலக்கத்தில், அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் வரைபடத்தின் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தில். இந்த மாநிலங்களில் அது ஏறக்குறைய 8 முதல் 13 பாகை கிழக்கு. திருத்தாமல் விட்டால் 3 கி.மீ. தள்ளி 10 பாகைப் பிழைக்கு 500 மீட்டருக்கு மேல் விலகிப் போவீர்கள். இடுப்பளவுப் பனியில் அது ஒரு மணி நேரம். வழிகாட்டியின் பையில் வரைபடமே இல்லையென்றால், “காலர் இல்லை” என்பதற்கு அவரிடம் வேறு பொருள் இருக்கிறது: காலர் வண்டியில் இருக்கிறது.

மரத்தடியில் செய்ய வேண்டியதில் காலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றமில்லை. முதலில் நாய்களைப் பிடித்துத் தள்ளிக் கட்டுவது. அடிபட்ட பூமா உயிரோடு அவற்றின் நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பிறகு ஆணா பெண்ணா என்று பார்ப்பது. ஆண் என்றால் ஆசனவாய்க்கு 10, 12 செ.மீ. முன்னால் ஓர் அங்குல அளவில் கறுப்பு மயிர்ப்பொட்டு தெரியும். பெண்ணுக்கு அது கிடையாது. மரத்தைச் சுற்றி வந்து, தொலைநோக்கியில் பார்த்து, முடிவு செய்யும்வரை துப்பாக்கி உறையிலேயே இருக்க வேண்டும். கொலராடோவில் இந்த அடையாளம் காணும் பயிற்சியில் தேறிய சான்றிதழ் இல்லாமல் உரிமமே கிடையாது. பெண் என்றோ சிறிசு என்றோ விட்டுவிட்டு வருவதும் நல்ல வேட்டை நாள்தான். அதை முகம் சுளிக்காமல் ஏற்கும் வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

கெடுவது எங்கே? பாதி நாட்கள் பூமாவைப் பிடிப்பதில் போவதில்லை, நாயைத் தேடுவதில் போகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. தடம் பிரிந்து இரண்டு நாய் ஒரு பக்கம் போனால், அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது. மான் பின்னால் போகும் நாய் ஒன்று இருந்தாலும் மற்றவற்றைக் கெடுத்துவிடும். காலர் இருந்தால் தடம் போகும் வேகத்தைப் பார்த்தே சந்தேகப்படலாம், இல்லாவிட்டால் மாலைவரை தெரியாது. இருட்டுவதற்குள் வராத நாய்க்குப் பழைய முறை இன்னும் வேலை செய்கிறது: அவிழ்த்த இடத்தில் நாய்க்குப் பழகிய வாசனையுள்ள மேலங்கியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு விடியலில் போய்ப் பார்ப்பது. பெரும்பாலும் அந்த அங்கியின்மேல் சுருண்டு கிடக்கும். மரத்தடியை விட்டு நகராத நாயோ வராது. இரவெல்லாம் உறைகுளிரில் குரைத்துக்கொண்டே நிற்கும். காலர் இல்லாத கூட்டத்தில் அந்தப் பிடிவாதம்தான் நாயின் முதல் தகுதி. அதே பிடிவாதம் ஓநாய்களைக் கூப்பிடும் மணியும்கூட. ஐடாஹோ, மொன்டானா, வயோமிங்கில் வேட்டை நாய்களை ஓநாய்கள் கொல்வது தெரிந்த விஷயம். கொலராடோவிலும் 2023 டிசம்பரில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். “எங்கள் பக்கம் கிடையாது” என்று வழிகாட்டி சொன்னால் மாநில வனவிலங்குத் துறை வெளியிடும் நடமாட்ட வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சாதனங்களில் காசுக்குத் தகுவது ஒன்றுதான்: இரண்டரை செ.மீ. அகல ஆரஞ்சுப் பட்டையில் ரிவெட் அடித்துப் பொருத்திய பித்தளைப் பெயர்த்தகடு, அதில் தொலைபேசி எண். தொங்கும் வில்லை புதரில் அறுந்துபோகும். தோலுக்கடியில் மைக்ரோசிப் வேண்டும், ஆனால் அது நாயைக் கண்டுபிடித்தபின் உரிமையாளரைக் காட்டுமே தவிர நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. மாட்டுக்கொம்பு ஊதுவது அழகாக இருக்கிறது. குட்டியிலிருந்து அதற்குப் பழகாத நாய் திரும்பிக்கூடப் பார்க்காது.

வறண்ட தரை வேறு உலகம். அரிசோனா, நியூ மெக்சிகோவில் கோவேறு கழுதை மேல் ஏறி, நாய்களை முன்னால் விட்டுப் போவார்கள். கண்ணால் பார்க்கத் தடமே இருக்காது. வடக்குச் சரிவின் நிழலிலும் பனித்துளி காயாத புல்லிலும்தான் வாசனை தங்கும். பத்து மணி வெயிலுக்குப் பிறகு அதுவும் போய்விடும். ஆறிப்போன தடத்தை எடுக்கும் கிழட்டு மூக்கு ஒன்றாவது கூட்டத்தில் இல்லாவிட்டால் சவாரி மட்டும்தான் மிச்சம். குதிரையேற்றம் தெரியாதவருக்கு மூன்றாம் நாளிலிருந்து சவாரியும் கசக்கும். காலர் இல்லாமல் இந்தத் தரையில் வேட்டையாடித் தருபவர்கள் மிகச் சிலர். அவர்களில் தேர்ந்தவர் கிடைத்தால் பனி வேட்டையைவிட இதுவே மேல் என்பேன், ஏனென்றால் இதில் நாயின் மூக்கைத் தவிர வேறு எதுவும் உதவாது.

முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பனி விழாத நாளுக்கு மாற்று நாள் உண்டா, நாயைத் தேடும் நாள் வேட்டை நாளாகக் கணக்கிடப்படுமா, பகுதியின் ஒதுக்கீடு (அங்கே சுட அனுமதித்த பூமா எண்ணிக்கை) தீர்ந்து மூடப்பட்டால் பணம் என்ன ஆகும். கடைசியது சின்ன விஷயமல்ல. கொலராடோவில் பகுதி இன்னும் திறந்திருக்கிறதா என்று வேட்டைக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

சுட்டுவிட்டால், கொலராடோவில் தோலையும் மண்டையையும் ஐந்து நாளுக்குள் அதிகாரியிடம் காட்ட வேண்டும், இறைச்சியையும் வீணாக்காமல் எடுத்தாக வேண்டும். பன்றிக்கறி போல வெளுத்த, கொழுப்புக் குறைந்த கறி. டிரைக்கினெல்லா புழு இருக்கக்கூடும். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகைகள் உறைகுளிரைத் தாங்கும். துண்டின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் தொடும்வரை வேகவையுங்கள்.